கெடு வைத்த குடியிருப்பு

வெளிநாட்டில் படிக்கும் மாணவரைச் சுற்றுலாப் பயணி என்று சொல்ல முடியாது. அவருக்கு ஒரு முகவரியும் மாத வாடகையும் குப்பை எடுக்கும் நாளும் உண்டு. குடியேறியவர் என்றும் சொல்ல முடியாது. அவருடைய தங்கும் அனுமதி அட்டையில் அதன் முடிவுத் தேதி அச்சிடப்பட்டிருக்கிறது. இவ்விரு நிலைகளுக்கும் நடுவில், கெடு வைத்துக் கொடுக்கப்பட்ட ஒரு குடியிருப்பில் இரண்டு மூன்று ஆண்டுகள் வாழ்கிற இம்மனிதரைப் பற்றித் தமிழில் எழுதப்படுவது பெரும்பாலும் இரு முனைகளில் நின்றுவிடுகிறது: சேர்க்கை, விசா, கல்விக்கடன் பற்றிய வழிகாட்டல் ஒரு முனை; ஈஃபிள் கோபுரமும் ஆல்ப்ஸ் பனியும் பின்னணியில் தெரியும் படங்கள் மறுமுனை. சமையலறை, நூலகம், ஞாயிற்றுக்கிழமை, உள்ளூர் ரயில் என்று நடுவில் கிடக்கும் அன்றாடம் சொல்லத் தகுந்த பொருளாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் ஐரோப்பா அம்மாணவருக்குக் கற்பிக்க வைத்திருப்பதில் பெரும்பகுதி இந்த அன்றாடத்தில்தான் இருக்கிறது; அவர் மேற்கொள்ளும் பயணங்களும் அதிலிருந்து கிளைக்கும்போதே பொருள் பெறுகின்றன. இதை விளக்க, ஐரோப்பா முழுவதையும் மேலோட்டமாகச் சுற்றி வருவதைவிட ஒரே நகரத்தில் நின்று பார்ப்பது பயனுள்ளது.

ஃப்ரைபுர்க், ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், கருங்காடு எனப்படும் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில் அமைந்த, சுமார் 2,30,000 மக்கள் வாழும் நகரம். மேற்கே ரைன் ஆற்றைக் கடந்தால் பிரான்ஸ். தெற்கே ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சுவிட்சர்லாந்தின் பாசெல். ஹாப்ஸ்பர்க் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் 1457இல் நிறுவிய பல்கலைக்கழகம் நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. சுற்றுச்சுவரும் வாயிற்காவலும் கொண்ட தனி வளாகம் அங்கே இல்லை. வகுப்புக் கட்டடங்களும் கடைகளும் டிராம் தண்டவாளங்களும் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன. ட்ரைசாம் ஆற்றிலிருந்து பிரித்துவிடப்பட்டு, பழைய நகரத்தின் தெருவோரங்களில் திறந்த வாய்க்கால்களாக ஓடும் 'பெஹ்லே' எனப்படும் சிறு நீரோடைகளைத் தாண்டித்தான் மாணவர்கள் வகுப்புக்குப் போகிறார்கள். தமிழகத்தின் கல்லூரி வளாகங்களுக்குப் பழகிய ஒருவருக்கு, பல்கலைக்கழகம் எங்கே தொடங்குகிறது, நகரம் எங்கே முடிகிறது என்று பிரித்தறிய முடியாத இந்த அமைப்பே முதல் பாடம். விடுதிக் காப்பாளரும் இரவு நேரக் கட்டுப்பாடும் இல்லாத அவ்விடத்தில் அவர் முதலில் நகரவாசியாகவும், பிறகே மாணவராகவும் ஆகிறார்.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் என்ற அமைப்பு உருவானதற்கு, அயலூரில் தங்கிப் படித்தவர்களின் பாதுகாப்புத் தேவை ஒரு பெருங்காரணம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ரோமானியச் சட்டம் பயில வட இத்தாலியின் பொலோனியாவுக்கு வந்த வெளியூர் மாணவர்களுக்கு அந்நகரத்தில் குடியுரிமை கிடையாது. அவர்களுடைய ஊர்க்காரர் எவரோ பட்ட கடனுக்காக மாணவரைப் பிடித்துவைத்துப் பணம் கேட்கும் வழக்கமும் இருந்தது. பேரரசர் ஃப்ரெடரிக் பார்பரோசா 1150களில் பிறப்பித்த 'ஹாபிதா' என்ற ஆணை, கல்விக்காகப் பயணம் செய்வோர் பாதுகாப்பாகச் சென்று தங்கலாம் என்றும், பிறர் கடனுக்கு அவர்களைப் பொறுப்பாக்கக் கூடாது என்றும், வழக்கு எழுந்தால் தங்கள் ஆசிரியர் முன்னிலையிலோ ஆயர் முன்னிலையிலோ விசாரணையை எதிர்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றும் அறிவித்தது. மாணவர்களும் தாங்கள் வந்த நாட்டுவாரியாகச் சங்கம் கட்டிக்கொண்டு, தங்களுள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, ஆசிரியர் ஊதியம் முதல் வீட்டு வாடகை வரை பேரம் பேசினார்கள். பாரிஸில் 1257இல் ரொபேர் த சொர்போன் ஏழை இறையியல் மாணவர்களுக்கு நிறுவிய இல்லம் பின்னாளில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயராகவே ஆனது. ஸ்வீடனின் உப்சாலாவில் பழைய நாட்டுச் சங்கங்களின் வழிவந்த 13 மாணவர் சங்கங்கள் இன்றும் இயங்குகின்றன. தங்க இடமும் மலிவான சோறும் வழக்காட ஒரு மன்றமும் இல்லாவிட்டால் அயலூர் மாணவர் நிலைக்க மாட்டார், அவர் நிலைக்காவிட்டால் கல்விக்கூடமும் நிலைக்காது என்ற அறிவு ஐரோப்பாவில் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது.

அந்த அறிவின் இன்றைய ஜெர்மன் வடிவம், மாணவர் நல அமைப்பு என்று சொல்லத்தக்க 'ஸ்டுடியெரன்டன்வெர்க்'. முதல் உலகப்போருக்குப் பிந்தைய வறுமைக் காலத்தில் மாணவர்களின் கூட்டு முயற்சியாகத் தொடங்கி, இன்று நாடு முழுவதும் 57 நிறுவனங்களாக விரிந்திருக்கும் இவ்வமைப்பே மாணவர் விடுதிகளையும், 'மென்ஸா' எனப்படும் உணவுக்கூடங்களையும், சட்ட ஆலோசனையையும், உளநல ஆலோசனையையும் நடத்துகிறது. மென்ஸாவில் சில யூரோவுக்குக் கிடைக்கும் மதிய உணவில் உருளைக்கிழங்கு மிகுதி, காரம் இல்லை. ஆயினும் பேராசிரியரும் முதலாண்டு மாணவரும் ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்பதும், உண்டு முடித்தவர் தம் தட்டைத் தாமே கொண்டுபோய் நகரும் பட்டையில் வைப்பதும், உணவின் சுவையைவிட நெடுங்காலம் நினைவில் தங்கக்கூடியவை.

வந்திறங்கியவர் எதிர்கொள்ளும் முதல் பெருஞ்செயல் முகவரியைப் பதிவுசெய்வது. ஜெர்மனியில் வீடு மாறும் எவரும், அந்நாட்டுக் குடிமக்கள் உட்பட, இரண்டு வாரத்துக்குள் நகராட்சிப் பதிவு அலுவலகத்தில் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும். 'அன்மெல்டுங்' எனப்படும் இப்பதிவுக்கு, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச் சான்று தேவை. வரி எண் தபாலில் வருவதும், உள்ளூர் வங்கிக் கணக்கும், தங்கும் அனுமதி அட்டையும் இப்பதிவைத் தொடர்ந்தே கைகூடுகின்றன. ஆகவே வீடு கிடைக்காதவருக்கு எதுவுமே நகர்வதில்லை. ஃப்ரைபுர்க்கோ வாடகை மிகுந்த நகரம்; விடுதி அறைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. அக்டோபரில் செமஸ்டர் தொடங்கும்போது நண்பர் அறைத் தரையிலும் தற்காலிக விடுதியிலும் தங்கியபடி, நேரம் ஒதுக்கப்பட்ட சந்திப்பான 'டெர்மீன்' ஒன்றுக்காகக் காத்திருக்கும் மாணவர்கள் பலர். பொலோனியாவின் வாடகைச் சிக்கல் வடிவம் மாறியிருக்கிறதே தவிரத் தீர்ந்துவிடவில்லை.

இப்பதிவில் தமிழ் மாணவருக்கு மட்டும் உரிய ஒரு நுட்பமும் உண்டு. ஜெர்மானிய அடுக்குமாடிகளுக்குள் ஒவ்வொரு குடியிருப்புக்கும் பெரும்பாலும் தனி எண் எழுதப்படுவதில்லை. அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரை வைத்தே தபால்காரர் கடிதத்தைச் சேர்க்கிறார், பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போகிறது. சாதிப் பெயரைத் துறந்து தலைப்பெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்துக்கொள்ளும் தமிழகத்து வழக்கத்தில் குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று இல்லை என்பதால், கடவுச்சீட்டில் பெரும்பாலும் தந்தையின் பெயரே அவ்விடத்தை நிரப்புகிறது. அதன் விளைவாக அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் தேர்வறையிலும் அம்மாணவர் தம் தந்தையின் பெயரால் அழைக்கப்படுகிறார். தபால் பெட்டியிலும் தந்தையின் பெயரே ஒட்டப்படுகிறது. ஒருபோதும் ஐரோப்பாவுக்கு வராத, வர வாய்ப்பில்லாத ஓர் உழவரின் பெயரோ தறிக்காரரின் பெயரோ கருங்காட்டு அடிவாரத்தில் ஒரு கட்டடத்தின் வாசலில் இரண்டாண்டுகள் இருக்கிறது. அப்பெயருக்குரியவர் வாங்கிய கடனால்தான் அந்த அறை சாத்தியமாயிற்று என்பதை எண்ணும்போது, இந்த நிர்வாகத் தற்செயல் நியாயமானதாகவே தோன்றுகிறது.

அந்தக் கடனின் அளவையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் ஓராண்டுச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே ஒரு கணக்கில் செலுத்தி, மாதந்தோறும் குறிப்பிட்ட பங்கை மட்டும் எடுக்கலாம் என்பது ஜெர்மன் விசாவின் வழக்கமான நிபந்தனை. மாணவர்கள் 'பிளாக்டு அக்கவுண்ட்' என்று குறிப்பிடும் இக்கணக்கில் 2024 செப்டம்பர் முதல் கட்ட வேண்டிய தொகை 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ. ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது பொதுவான உண்மை. இடையில் சில மாநிலங்கள் கொண்டுவந்த கட்டணம் மக்கள் எதிர்ப்பால் 2014க்குள் எல்லா இடங்களிலும் நீக்கப்பட்டது. ஆனால் ஃப்ரைபுர்க் அமைந்திருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017-18 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு மட்டும் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் விதித்தது. ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தைக் கேட்கும் இருவரில் ஒருவரிடம் மட்டும் கடவுச்சீட்டைப் பார்த்துக் கட்டணம் கேட்பது, அயலூர் மாணவரைக் காப்பதில் தொடங்கிய ஒரு மரபுக்குப் பொருந்தாத செயல்.

வகுப்பறை வழக்கங்கள் எளிதில் பழகிவிடுகின்றன. பத்து மணி என்று அறிவிக்கப்பட்ட வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். ஆலய மணி கேட்டபின் மாணவர் நடந்துவரக் கொடுத்த அவகாசமாகச் சொல்லப்படும் இந்தக் 'கல்விக் கால்மணி' இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. விரிவுரை முடிந்ததும் யாரும் கை தட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். பழகச் சிரமப்படுவது வேறொன்று. செமஸ்டர் முழுவதும் எவரும் எதையும் கேட்பதில்லை. வருகைப் பதிவு பல வகுப்புகளில் இல்லை, மாதத் தேர்வு இல்லை, கண்டிப்பவர் இல்லை; இறுதியில் ஒரே தேர்வு, சில பாடங்களில் பேராசிரியர் எதிரில் அமர்ந்து அரைமணி நேரம் விடை சொல்லும் வாய்மொழித் தேர்வு. கட்டாயப் பாடம் ஒன்றில் அனுமதிக்கப்பட்ட வாய்ப்புகள் அனைத்திலும் தோற்றால் அந்தப் பட்டப்படிப்பைத் தொடரவே முடியாது. கண்காணிப்பைக் கல்வியாகக் கருதும் ஏற்பாட்டில் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்தவருக்கு இந்த விடுதலை முதலில் மகிழ்ச்சியாகவும், டிசம்பர் வாக்கில் அச்சமாகவும், பிப்ரவரித் தேர்வுகளுக்குப் பிறகே உண்மையான விடுதலையாகவும் தெரிகிறது. பலர் அந்த மூன்றாம் நிலையை அடைவதற்குள் உடைந்துபோகிறார்கள் என்பதையும், உளநல ஆலோசனை அறையின் கதவைத் தட்டுவது வெட்கத்துக்குரியதன்று என்பதை அவர்களுக்கு எவரும் புறப்படும்முன் சொல்வதில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

2015இல் திறக்கப்பட்ட பல்கலைக்கழக நூலகம், கண்ணாடியும் உலோகமும் போர்த்திய, பட்டை தீட்டிய கல் போன்ற கட்டடம். அதை அடுத்து விரியும் சதுக்கத்துக்குப் பழைய யூதத் தொழுகைக்கூடச் சதுக்கம் என்று பெயர். 1938 நவம்பரில் நாஜிகள் எரித்த தொழுகைக்கூடத்தின் அடித்தள வடிவத்தில் அங்கே 2017இல் ஓர் ஆழமற்ற நீர்த்தொட்டி அமைக்கப்பட்டது. கோடையில் மாணவர்கள் அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் உண்கிறார்கள். குழந்தைகள் அதில் இறங்கி விளையாடியதால், அது நினைவிடமா, நீர்த்துறையா என்ற விவாதம் நகரத்தில் எழுந்தது. படிக்கப் போகும் வழியில் நாள்தோறும் கண்ணில் படுகிற இந்த நீர்ப்பரப்பு, பல்கலைக்கழகங்களின் விருந்தோம்பல் மரபைப் பற்றி மேலே சொல்லப்பட்டவற்றின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1933 ஏப்ரலில் வந்த ஒரு சட்டம் ஜெர்மன் கல்விக்கூடங்களில் புதிதாகச் சேரும் யூத மாணவர்களின் பங்கை ஒன்றரை விழுக்காட்டுக்குள் அடைத்தது. நிகழ்வியல் என்ற மெய்யியல் துறையைத் தோற்றுவித்து, எடித் ஸ்டைன் போன்றோருக்கு ஆசிரியராக இருந்த எட்மண்ட் ஹுஸ்ஸர்ல், யூதப் பிறப்பின் காரணமாக இதே பல்கலைக்கழகத்திலிருந்து அதே மாதத்தில் விலக்கிவைக்கப்பட்டார். அவருடைய மெய்யியல் இருக்கைக்கு அவருக்குப் பின் வந்த மார்ட்டின் ஹைடெகர் அந்த மாதமே பல்கலைக்கழகத் தலைவராகி, அடுத்த மாதம் நாஜிக் கட்சியிலும் சேர்ந்தார். 1940 அக்டோபர் 22 அன்று பாடன், ஸார்-பஃபால்ஸ் பகுதிகளின் யூதர்கள் 6,500க்கும் மேற்பட்டோர் தென் பிரான்சின் குர்ஸ் முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். ரயில் நிலையத் தண்டவாளங்களுக்கு மேலே செல்லும், இன்று மிதிவண்டிகளுக்கென ஒதுக்கப்பட்ட நீலநிறப் பாலத்தில், யாரோ மறந்துவிட்டுப் போனது போன்ற வெண்கல மேலங்கி ஒன்று அந்த நாடுகடத்தலின் நினைவாகக் கிடக்கிறது. விடுதியிலிருந்து வகுப்புக்கு மிதிவண்டியில் போகும் மாணவர் அதைப் பலமுறை கடந்த பிறகே ஒருநாள் இறங்கி நின்று பார்க்கிறார். வழிகாட்டியின் கொடியைப் பின்தொடர்ந்து அரைமணி நேரத்தில் நகரம் பார்ப்பவருக்கு இந்தத் தாமதமான அறிதல் வாய்க்காது. ஓரிடத்தில் குடியிருப்பதன் பயன் இதுவே.

விடுதியிலும், பலர் சேர்ந்து ஒரு வீட்டைப் பகிரும் 'வேகே' என்ற கூட்டுக்குடியிலும், சமையலறையே உண்மையான வகுப்பறை. காகிதம், உயிர்க்கழிவு, நெகிழிப் பொதி, மற்றவை என்று குப்பையைப் பிரிப்பதும், கண்ணாடிப் புட்டியை நிறவாரியாகத் தெருமுனைத் தொட்டியில் போடுவதும், வைப்புத்தொகையுள்ள நெகிழிப் புட்டியைக் கடையிலுள்ள எந்திரத்தில் திருப்பிக் கொடுத்து 25 சென்ட் பெறுவதும் ஒரு மாதத்தில் பழகிவிடும். தாளிப்பு வேறு வகையான சிக்கல். குளிர்காலத்தில் இறுக மூடிய சன்னல்களுக்குள் கடுகும் பெருங்காயமும் வெங்காயமும் எழுப்பும் மணம் நடைவழி முழுவதும் நிற்கிறது. ஒருவர் முகம் சுளிக்க, இன்னொருவர் தட்டோடு வந்து நிற்க, அச்சமையலறையில் ஒரு நாட்டின் மாணவர் இன்னொரு நாட்டின் மாணவரிடம் எவ்வளவு இடம் கேட்கலாம், எவ்வளவு இடம் தரலாம் என்பது கரண்டியும் பாத்திரமுமாக முடிவாகிறது. சன்னலை ஐந்து நிமிடம் அகலத் திறந்து காற்றை முழுவதும் மாற்றிவிட்டு மூடும் ஜெர்மானிய வழக்கத்தைத் தமிழ் மாணவர் கற்றுக்கொள்வதும், சோற்றில் ரசம் ஊற்றிக் கையால் உண்பதைக் கூட்டுக்குடியின் மற்றவர் இயல்பாக ஏற்றுக்கொள்வதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தால் அந்த வீடு நல்ல வீடு.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஞாயிறும் அரசு விடுமுறைகளும் உழைப்பிலிருந்து ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும் உரிய நாட்களாகச் சட்டத்தால் பாதுகாக்கப்படும் என்று 1919இன் வைமார் அரசமைப்பின் 139ஆம் பிரிவு விதித்தது. இன்றைய ஜெர்மன் அரசமைப்பின் 140ஆம் பிரிவு அதை அப்படியே தன்னுள் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனவே ஞாயிறன்று மளிகைக் கடைகள் மூடியிருக்கின்றன, சுவரில் துளையிடும் ஓசை கேட்பதில்லை, கண்ணாடிப் புட்டியைத் தொட்டியில் போடுவதுகூடக் கூடாது. சனிக்கிழமை மாலை அரிசி வாங்க மறந்தவர் திங்கள் காலை வரை காத்திருக்க வேண்டும். முதல் சில வாரங்களில் இது வெறுமையாகவும் தண்டனையாகவும் தெரிகிறது. வீட்டு நினைவு மிகுவதும் இந்நாளில்தான். பிறகு ஒரு கட்டத்தில், வாங்குவதற்கும் விற்பதற்கும் வெளியே ஒரு நாளை ஒரு சமூகம் பிடிவாதமாக வைத்திருக்கிறது என்பது புலப்படுகிறது. அந்நாளில் குடும்பங்கள் நகருக்கு மேலுள்ள கோட்டைக் குன்றுக்கோ 1,284 மீட்டர் உயரமுள்ள ஷவுயின்ஸ்லாண்ட் மலைக்கோ நடக்கப் போகின்றன. மழை பெய்தாலும் போகின்றன. மாணவரும் அவர்களோடு நடக்கத் தொடங்குகிறார். கடைக்காரரும் காசாளரும் வாரத்தில் ஒருநாள் தம் குடும்பத்தோடு இருப்பதை அரசமைப்பே உறுதி செய்வது, வாடிக்கையாளரின் வசதியைவிட உயர்ந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

தேர்வும் வகுப்பும் போக எஞ்சும் நேரத்தில் வேலை. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம் என்று 2024 மார்ச்சில் வரம்பு உயர்த்தப்பட்டது. குறைந்தபட்ச ஊதியம் 2025இல் மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. பேராசிரியரின் ஆய்வுத் துணையாக அமர்வோர் சிலரே. கிடங்கிலும் உணவக அடுக்களையிலும் உணவு சுமக்கும் மிதிவண்டியிலும் உழைப்போர் பலர். சொந்த ஊரில் தாம் தொட்டிராத உடலுழைப்பை இங்கே செய்யும்போது, அவ்வேலையைச் செய்பவரை முன்பு எப்படிப் பார்த்தோம் என்ற கேள்வி எழாத மாணவர் எதையும் கற்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இனி பயணம். மாணவர் நடுவே பயணம் என்றால் மலிவு விமானத்தில் வெள்ளி இரவு புறப்பட்டு, இரண்டு நாளில் பார்சிலோனாவையோ பிராகையோ பார்த்துவிட்டு ஞாயிறு இரவு திரும்புவது என்ற பொருள் வழக்கில் வந்துவிட்டது. பாசெல் நகரத்துக்கென்று பிரான்ஸ் மண்ணில் அமைந்திருக்கும் விமான நிலையம் ஃப்ரைபுர்க் மாணவருக்கு அதை எளிதாக்குகிறது. ஒன்றியத்தின் குடிமகனாக இல்லாத மாணவர் தம் ஜெர்மன் அனுமதி அட்டையோடு ஷெங்கன் உடன்பாட்டிலுள்ள பிற நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம் என்ற விதியும் துணை செய்கிறது. அப்பயணங்களில் தவறேதும் இல்லை. ஆனால் அவை ஒரு நகரத்தின் மூன்று சின்னங்களுக்கு மேல் எதையும் காட்டுவதில்லை. 2023 மே மாதத்தில் 49 யூரோவில் தொடங்கி 2025 ஜனவரியில் 58 யூரோவாக உயர்ந்த 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்ற மாதச் சீட்டும், மாணவருக்கென்று அதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும் சீட்டுகளும், விரைவு ரயில்களைத் தவிர்த்து எல்லா ஊர்களிலும் நிற்கும் மெதுவான ரயில்களிலும் உள்ளூர்ப் பேருந்துகளிலும் டிராம்களிலும் செல்லுபடியாகின்றன. இந்த மெதுவான ரயிலே மாணவருக்கு ஏற்ற வாகனம்.

அதில் ஏறி மேற்கே ரைன் கரையிலுள்ள ப்ரைசாக் வரை போகலாம். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. ஒருகாலத்தில் ஃப்ரைபுர்க்கிலிருந்து பிரான்சின் கோல்மார் வரை ரயில் ஓடியது. இரண்டாம் உலகப்போரில் ஆற்றுப் பாலம் தகர்க்கப்பட்ட பிறகு அந்த ரயில் இணைப்பு மீட்கப்படவே இல்லை. எஞ்சிய தொலைவைப் பேருந்தில் கடந்து கோல்மார் சென்றால், உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் மத்தியாஸ் க்ரூனவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்த ஈசென்ஹைம் பலிபீட ஓவியம் இருக்கிறது. பூஞ்சை படிந்த தானியத்தை உண்டதால் கைகால் எரிந்து அழுகும் நோய்க்கு ஆளானவர்களைப் பராமரித்த மடத்துக்காக வரையப்பட்டது அது. சிலுவையில் தொங்கும் ஏசுவின் உடல் முழுவதும் புண்களோடு காட்டப்பட்டிருப்பது, படுக்கையிலிருந்து அதைப் பார்த்த நோயாளி தம் வலியை அங்கே கண்டுகொள்வதற்காகவே என்று கலை வரலாற்றாளர்கள் விளக்குகிறார்கள். வடக்கே கேல் என்ற எல்லைச் சிற்றூரில் இறங்கினால், 2017 முதல் ஓடும் டிராம் ஆற்றைக் கடந்து ஸ்ட்ராஸ்பூருக்குள் கொண்டுபோய் விடுகிறது. 1870க்கும் 1945க்கும் இடையில் நான்குமுறை கைமாறிய ஒரு நகரத்துக்கு இன்று டிராம் சீட்டோடு போய்வரலாம் என்பதன் கனம், இக்கரையில் குடியிருப்பவருக்குத்தான் முழுமையாக விளங்கும். ஃப்ரைபுர்க், பாசெல், ஸ்ட்ராஸ்பூர், மூலூஸ், கார்ல்ஸ்ரூ ஆகிய ஐந்து இடங்களின் பல்கலைக்கழகங்கள் 1989இல் ஏற்படுத்திய 'யூகோர்' கூட்டமைப்பின்படி, ஒன்றில் பதிந்த மாணவர் மற்றவற்றில் கூடுதல் கட்டணமின்றிப் பாடம் கேட்கலாம். அங்கே பெற்ற மதிப்பெண் அலகுகள் இங்கே கணக்கில் சேரும்.

மதிப்பெண் அலகு எல்லை தாண்டுவது என்பது சிறிய செய்தியன்று. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு 1958இல் ரோம் திரும்பிய சோஃபியா கொராதி என்ற இத்தாலிய மாணவியின் அந்தப் படிப்பை அங்கீகரிக்க அவருடைய பல்கலைக்கழகம் மறுத்தது. அந்த அவமதிப்பிலிருந்து அவர் தொடங்கிய நெடுமுயற்சி 1987இல் 'எராஸ்மஸ்' மாணவர் பரிமாற்றத் திட்டம் பிறப்பதற்கு ஒரு காரணமாயிற்று. முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் சென்றார்கள். 2004இல் வந்த எராஸ்மஸ் முண்டுஸ் என்ற கிளைத்திட்டம் இந்தியா உள்ளிட்ட பிற நாட்டு மாணவர்களுக்கும் உதவித்தொகையோடு அக்கதவைத் திறந்தது. பெயருக்குரிய அறிஞர் எராஸ்மஸ், பாரிஸில் மாணவராக இருந்தபோது மோன்தேகு விடுதியின் அழுகிய முட்டையைப் பற்றிப் பிற்காலம்வரை கசப்போடு எழுதியவர். பாசெல் சீர்திருத்தச் சபையின் பக்கம் சாய்ந்த 1529இல் அந்நகரத்தை விட்டு ஃப்ரைபுர்க்குக்கு வந்து ஆறாண்டு தங்கியவர். முதலில் அவர் குடியிருந்த, 'திமிங்கல வீடு' எனப்படும் செந்நிற மாளிகை இன்றும் கடைத்தெருவுக்கருகில் நிற்கிறது. 1536இல் பாசெலில் இறந்த அவருடைய கல்லறை அந்நகரப் பேராலயத்தில் இருக்கிறது. ஆனால் சுவிட்சர்லாந்து, குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தக் கோரிய 2014 பிப்ரவரி வாக்கெடுப்பின் தொடர்ச்சியாக, அவர் பெயர் தாங்கிய திட்டத்தில் தனக்கிருந்த முழுப் பங்கேற்பை இழந்தது.

பாசெல் ரயில் நிலையத்தில் தமிழ் கேட்கும். 1983 வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் சுவிட்சர்லாந்தில் பெருஞ்சமூகமாக வேரூன்றியிருக்கிறார்கள். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் விற்கும் அவர்களுடைய கடைகளில் தமிழக மாணவர் கூடுதல் விலை கொடுத்துப் பொருள் வாங்குகிறார். கடையில் நிற்கும் மூத்தவர் யாழ்ப்பாணத் தமிழில் "எந்த ஊர், தம்பி?" என்று கேட்பதில் தொடங்கும் பேச்சில், முடிவுத் தேதியுள்ள அட்டையோடு வந்தவரும் திரும்பிப் போக வழியின்றி வந்தவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். அகதி விண்ணப்பமும் நெடுங்காலக் காத்திருப்புமாக அம்மூத்தவர் தாண்டி வந்த ஐரோப்பா, மாணவர் அறிந்த ஐரோப்பா அன்று. இதை அறியும் வாய்ப்புக்காகவே அந்தக் கடைக்குப் போகலாம்.

திரும்பும் வழியில் சில நாட்களில் காவலர்கள் ரயிலில் ஏறுகிறார்கள். எல்லைச் சோதனை இல்லாப் பகுதி என்று 1985இல் ஷெங்கனில் கையெழுத்தாகி 1995இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டுக்கு நடுவே, ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து தன் நில எல்லைகள் அனைத்திலும் தற்காலிகச் சோதனையை விரித்தது. நிறைந்த பெட்டியில் எவரிடம் அட்டை கேட்கப்படுகிறது என்பதில் தோலின் நிறத்துக்குப் பங்குண்டு என்பதை அப்பெட்டியில் அமர்ந்திருக்கும் எவரும் காணலாம். மூன்று நாடுகளை ஒரே நாளில் கடக்க முடிகிற சுதந்திரமும், கடவுச்சீட்டை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டிய எச்சரிக்கையும் ஒரே பயணத்தின் இரு பகுதிகள்.

2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களில் பயின்ற இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 49,000ஐத் தாண்டியது. வெளிநாட்டு மாணவர்களுள் இந்தியர்களே முதலிடம். இவர்களில் கணிசமானோர் ஆங்கிலவழிப் பட்டப்படிப்புகளில் சேர்கிறார்கள் என்பதால், ஜெர்மன் தெரியாமலே பட்டம் பெற்றுவிட முடிகிறது. சக இந்தியர்களோடு மட்டும் வாழ்ந்து, இந்திய உணவை மட்டும் சமைத்து, விடுமுறையில் புகழ்பெற்ற நகரங்களை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாண்டுகளைக் கழித்துவிடவும் முடிகிறது. பட்டம் முடிந்தபின் வேலை தேட வழங்கப்படும் 18 மாதங்களில், நிறுவனங்கள் ஜெர்மன் கேட்கும்போதுதான் அந்த இரண்டாண்டுகளின் இழப்பு தெரியவருகிறது. ஆனால் வேலையைவிடப் பெரிய இழப்பு, தாம் வாழ்ந்த தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதே தெரியாமல் ஒருவர் திரும்புவது. பதிவு அலுவலகத்துக் கடிதத்தையும், நீர்த்தொட்டியின் ஓரத்தில் பொறித்திருக்கும் வரிகளையும், ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் எதிர்ப்படும் முதியவரின் வணக்கத்தையும் ஆங்கிலத்தில் பெற முடியாது. புறப்படுவதற்குமுன் ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். சேர்ந்தபின் பல்கலைக்கழகத்தின் மொழி மையம் நடத்தும் வகுப்புகளை ஒரு செமஸ்டரும் தவறவிடாதீர்கள். கல்விக்கடனுக்குக் கையெழுத்திடும் பெற்றோரும் செலவுக் கணக்கில் அந்த வகுப்புக்கென ஒரு தொகையை முதலிலேயே எழுதிவையுங்கள்.